குடிமையுரிமை விழாவும் நம் ஊர்ப் பெரியோரும்

கலாசாலைகளில் ஆண்டுதோறும் விழாக்கள் பல நிகழ்கின்றன. அவற்றுட் சில விளையாட்டுக்கும், சில கலைக்கும், சில பிரிவுபசாரத்துக்கும் உரியவை. அண்மைக் காலமாக மனித உரிமை நாள், அரசியலமைப்பு நாள், சமத்துவ நாள் என்னும் பெயர்களால் உரிமையைப் போற்றும் விழாக்களும் நம் நாட்டுக் கலாசாலைகளில் இடம்பெற்று வருகின்றன. டிசம்பர் 10, நவம்பர் 26, ஏப்ரல் 14 என்னும் நாட்கள் இவற்றுக்கென வகுக்கப்பெற்றன. இவ்விழாக்களில் ஊர்ப் பெரியோர் சிலரை வருவித்துப் பாராட்டுதலும் ஒரு வழக்கமாயிற்று. மேடையில் நாற்காலிகள் இடப்படுகின்றன, பொன்னாடைகள் போர்த்தப்படுகின்றன, வாழ்த்துரைகள் வழங்கப்படுகின்றன. மறுநாள் பந்தல் பிரிக்கப்படும்போது விழாவின் நினைவும் உடன் பிரிந்து போகின்றது.

இங்ஙனம் பாராட்டப்பெறத் தக்கவர் யாவர்? எச்செயல் குறித்து அவரைப் பாராட்டுகின்றோம்? அப்பாராட்டினால் மாணாக்கர்க்கு விளையும் பயன் யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடாமல் விழாவெடுத்தல், பொருளறியாமல் பாட்டை நெட்டுருச் செய்தலை ஒக்கும். ஆதலின், நமக்கு அண்மையிலுள்ள தென்காசியையும் குற்றாலத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளைச் சிறிது விளக்க முயலுவோம்.

குடிமையுரிமை யாது?

முதற்கண், குடிமையுரிமை என்பதன் பொருளைத் தெளிதல் வேண்டும். சிவில் உரிமை என்று வழங்குவதும் இதுவே. வாக்களித்தலும் சட்டசபைக்கு நிற்றலும் அரசியலுரிமையாம். ஊர்க்கிணற்றில் நீர் முகத்தல், பொதுச்சாலையிற் செருப்பணிந்து நடத்தல், பள்ளிக்கூடத்தில் ஏனைப் பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர்தல், கடையிற் காசு கொடுத்து விரும்பிய பண்டத்தை வாங்குதல், கோயிலில் நின்று கும்பிடுதல் ஆகிய இவையே குடிமையுரிமைகள். இவற்றை நாடோறும் தடையின்றி நுகர்வோர்க்கு இவை உரிமைகள் என்னும் நினைவே தோன்றுவதில்லை. மூச்சு விடுதலை யார்தான் உரிமையென எண்ணுவர்? மூச்சைத் தடுத்தபோதன்றோ அதன் அருமை விளங்கும்! நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக அவ்வாறு தடுக்கப்பட்டோர் இலக்கக்கணக்கினர்.

பிறநாட்டு வழக்கம் ஒன்று

அமெரிக்க ஐக்கிய நாட்டில், ஜனவரி மாதத்து மூன்றாம் திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அந்நாளை விடுமுறையாக்கும் சட்டம் 1983-ஆம் ஆண்டில் நிறைவேறியது; 1986-ஆம் ஆண்டு முதல் அது கைக்கொள்ளப்பட்டது. அந்நாளையொட்டிக் கலாசாலைகள் பலவும், பேர்பெற்ற பேச்சாளரை அழைப்பதோடு நில்லாமல், தத்தம் ஊரில் உழைத்தவரைத் தேடிப் பாராட்டும் வழக்கத்தை மேற்கொண்டுள்ளன.

இவ்வழக்கத்திற்குத் தக்க காரணம் உண்டு. 1955-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் தேதி, மாண்ட்கோமரி நகரத்துப் பஸ் வண்டியில் தம் இருக்கையை வெள்ளையர்க்கு விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் என்னும் மாது கைது செய்யப்பட்டார். அச்செய்தி கேட்ட அன்றிரவே, அந்நகர்க் கறுப்பர் கலாசாலையில் ஆங்கிலம் கற்பித்த ஜோ ஆன் ராபின்சன் என்னும் ஆசிரியை, மாணாக்கர் இருவர் துணையுடன் விடியுமளவும் விழித்திருந்து, பஸ் வண்டிகளைப் புறக்கணிக்குமாறு வேண்டும் துண்டுப் பிரசுரங்களைப் பல்லாயிரக்கணக்கிற் படியெடுத்தார். அப்புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. சமையற்காரிகளும், துணி வெளுப்போரும், கூலியாட்களும் மழையிலும் வெயிலிலும் நடந்தே வேலைக்குச் சென்றனர். கிங்கின் பெயரை உலகம் அறியும். நடந்த கால்களின் பெயரை யார் அறிவார்? உள்ளூர்ப் பெரியோரைப் பாராட்டுதல் என்னும் வழக்கம் இவ்வினாவிற்கு ஒருவாறு விடை கூறுவதாகும்.

அக்கிங் 1959-ஆம் ஆண்டில் நம் நாட்டிற்கு வந்தார். நமது மலைத்தொடருக்கு அப்பாலுள்ள திருவனந்தபுரத்தில், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் பயிலும் பள்ளி யொன்றுக்கு அவர் சென்றபோது, அதன் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்துள்ள நம்மைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தாராம். முதலில் அவர் மனம் துணுக்குற்றதாம். பின்னர்த் தம் நாட்டு மக்களின் நிலையை எண்ணிப்பார்த்து, அச்சொல் உண்மையே எனத் தெளிந்தாராம். இதனை அவரே தம் பிரசங்கம் ஒன்றிற் கூறியுள்ளார். தலைமையாசிரியர் ஒருவரின் ஒரு சொல், கடல்கடந்த இரு துன்பங்களை ஒன்றாகக் காட்டிற்று.

எல்லைக்கோட்டின் இருபுறம்

இனி நம் பகுதிக்கு வருவோம். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ஆகிய மூன்றும் ஒரே மலைச்சாரலில், சில கல் தொலைவுக்குள் அமைந்தவை. ஒரே சாரல் மூன்று ஊர்களையும் நனைக்கின்றது. ஒரே தமிழ் மூன்று ஊர்களிலும் வழங்குகின்றது. ஆயினும் செங்கோட்டை 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரையில் திருவிதாங்கூரையும், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தையும் சேர்ந்திருந்தது. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்துத் திருநெல்வேலி ஜில்லாவிற்கு உட்பட்டிருந்தன. இன்று இவை யாவும் 2019-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தென்காசி மாவட்டத்தில் அடங்கும்.

திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் பலராம வர்மா 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். அதனால் அவ்வரசின் ஆட்சிக்குட்பட்ட கோயில்கள் இந்துக்களில் எவ்வகுப்பினர்க்கும் திறக்கப்பட்டன. அப்பிரகடனம் வானினின்று விழுந்ததன்று. 1924, 1925-ஆம் ஆண்டுகளில் வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகத் தொண்டர் பலர் சிறை சென்றனர். தமிழ்நாட்டினின்று பெரியார் ஈ. வெ. ராமசாமியும் சென்று சிறைப்பட்டார். அவ்வித்தின் கனியே பன்னிரண்டு ஆண்டுகட்குப் பின் விளைந்தது.

இதன் விளைவை நம் மாணாக்கர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1936-ஆம் ஆண்டின் இறுதியில், எல்லைக்கோட்டிற்கு மேற்கே திருவிதாங்கூர்ப் பகுதியில் கோயிற் கதவு திறந்திருந்தது. கிழக்கே சென்னை மாகாணத்தில் பழைய வழக்கமே ஆட்சி செலுத்திற்று. ஒரே குடும்பத்தார் இருபுறமும் வாழ்ந்திருப்பின், அண்ணன் கோயிலுக்குள் நின்று வணங்கவும், தம்பி கோபுரத்தைத் தூரத்தே கண்டு வணங்கவும் நேர்ந்திருக்கும். தெய்வம் மாறவில்லை, மனிதனும் மாறவில்லை, மாறியது சர்க்கார் எல்லை ஒன்றே. தீட்டு என்பது பிறப்பில் உள்ளதாயின், சுங்கச்சாவடியைத் தாண்டியவுடன் அது மறைவது எங்ஙனம்? இவ்வொரு வினாவே அக்கொள்கையின் பொய்ம்மையைக் காட்டப் போதுமானது.

நீராடாத ஒரு விருந்தினர்

குற்றாலம் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது அருவி. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வாழ்ந்து, தமிழ்ச்சுவையைப் பலர்க்கும் ஊட்டிய ஊரும் அதுவே. அவ்வூரின் இலக்கியப் பெருமையைப் பேசாதார் இலர். மற்றொரு பெருமையை நினைப்போர் சிலரே.

1934-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தீண்டாமை ஒழிப்பின்பொருட்டுத் தமிழ்நாட்டிற் சுற்றுப்பிரயாணம் செய்த காந்தியடிகள் தென்காசிப் பக்கமும் வந்தார். குற்றாலத்திற்கு வந்தவர் அருவியில் நீராடாது செல்வது அரிது. ஆனால், தாழ்த்தப்பட்ட மக்கள் ஏனையோரைப் போல் அங்கு நீராட இயலாமையை அறிந்து, அவர்க்கு இல்லாத அருவி தமக்கும் வேண்டாவென அடிகள் நீராடாமலே திரும்பினார் என்னும் செய்தி இன்றும் நம் பகுதியில் வழங்குகின்றது. மலையினின்று விழும் நீர் எவரையும் குலம் வினவுவதில்லை. நீர் வினவாததை மனிதன் வினவினான். அதனை அவ்விருந்தினர் தம் உடல் வறட்சியால் ஊரார்க்கு உணர்த்தினார்.

ஜனவரி 24-ஆம் தேதி, திருநெல்வேலியில் நிகழ்த்திய பிரசங்கத்தில், அம்மாதம் 15-ஆம் தேதி பீகாரில் நேர்ந்த பெரும் பூகம்பம் தீண்டாமைப் பாவத்திற்குக் கடவுள் அளித்த தண்டனை என்று அவர் கூறினார். கவி ரவீந்திரநாத தாகூர் தீண்டாமையை வெறுத்தவரேனும், இயற்கை நிகழ்ச்சியை இங்ஙனம் நீதியோடு பிணைத்தல் அறிவுக்கு ஒவ்வாதென வெளிப்படையாக மறுத்தெழுதினார். அடிகள் அம்மறுப்பைத் தம் பத்திரிகையிலேயே வெளியிட்டு விடையும் எழுதினார். பெரியோரைப் பாராட்டுதல் என்பது அவர் சொல் ஒவ்வொன்றையும் ஒப்புக்கொள்ளுதலாகாது. தாகூர் அடிகளை மதித்தார், மதித்துக்கொண்டே மறுத்தார். கலாசாலை மேடைக்கு ஏற்ற மரியாதை அத்தகையதே.

வழக்கமும் சட்டமும்

அக்காலத்தில் நியாயஸ்தலங்கள் பெரும்பாலும் வழக்கத்தையே சட்டமாகக் கொண்டன. கமுதிக் கோயிலில் நாடார் வகுப்பினர் நுழையும் உரிமை பற்றிய வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரையிற் சென்று, 1908-ஆம் ஆண்டில் அவ்வகுப்பினர்க்கு எதிராகவே முடிந்தது. கிறிஸ்தவ தேவாலயங்களும் இக்குற்றத்தினின்று நீங்கியிருந்தன அல்ல. திருநெல்வேலி ஜில்லா வடக்கன்குளத்துத் தேவாலயத்தில் ஜாதி பிரித்து எழுப்பப்பட்டிருந்த சுவர் 1910-ஆம் ஆண்டிலேதான் இடிக்கப்பட்டது. அதன்பின்னும் அது குறித்து வழக்காடினர். ஆதலின், மிஷன் கலாசாலையிற் பயிலும் நாம் பிறர் கோயிலை மாத்திரம் சுட்டிப் பேசுதல் நேர்மையாகாது.

வழக்கத்தைச் சட்டத்தால் வெல்லும் முயற்சி படிப்படியாகவே நிகழ்ந்தது. 1924-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுச்சாலை, கிணறு, குளம் முதலியவற்றை எவ்வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்பதே அதன் கருத்து. அது நிறைவேறிச் சர்க்கார் உத்தரவாயிற்று. ஆனால், உத்தரவு ஏட்டில் நின்றது. கிணற்றங்கரையில் நின்றவன் பழைய காவற்காரனே.

1938-ஆம் ஆண்டில் எம். சி. ராஜா முயற்சியால், சிவில் தடைகள் நீக்கும் சட்டம் நிறைவேறியது. நீர்நிலை, சாலை, வாகனம் முதலிய பொது வசதிகளில் ஒருவரைப் பிறப்புக் காரணமாகத் தடுத்தல் கூடாதென்றும், அத்தகைய வழக்கத்தை நியாயஸ்தலம் ஏற்றலாகாதென்றும் அச்சட்டம் விதித்தது. நம் மாகாணத்துக் குடிமையுரிமைச் சட்டங்களுள் அது முதன்மையானது எனலாம். ஆலயப் பிரவேசத்திற்காக அவரே கொணர்ந்த மற்றொரு மசோதா, அப்போதைய இராஜாஜி மந்திரி சபையின் ஆதரவு பெறாமையால் தோல்வியுற்றது. அத்தோல்வி அவர் உள்ளத்தைப் பெரிதும் வருத்திற்று.

மறு ஆண்டிலேயே நிலைமை மாறிற்று. 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் சிலரையும் நாடார் ஒருவரையும் உடன்கொண்டு புகுந்து வழிபட்டார். கோயில் நிர்வாக அதிகாரியாகிய ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். வழக்கத்தை மீறிக் கதவு திறந்த அதிகாரிகள்மீது வழக்குத் தொடுக்க இடமிருந்தமையால், அவர்களைக் காக்கும் பொருட்டு விரைவிலேயே அவசரச் சட்டமும், பின்னர் 1939-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேச அதிகார, ஈட்டுறுதிச் சட்டமும் பிறந்தன. சட்டம் செயலுக்கு முன் செல்லவில்லை. செயலே முன் சென்றது, சட்டம் அதனைப் பின்தொடர்ந்து காவல் புரிந்தது. இது மாணாக்கர் கருத்திற் பதிக்கத்தக்க செய்தி.

1947-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஆலயப் பிரவேசச் சட்டம், மாகாணத்துக் கோயில்கள் யாவற்றையும் இந்துக்களில் எல்லா வகுப்பினர்க்கும் திறந்துவிட்டது. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆவது விதி தீண்டாமையை ஒழித்தது. அதன் 15-ஆவது விதி கடைகள், உணவு விடுதிகள், கிணறுகள், குளங்கள், நீராடு துறைகள், சாலைகள் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே கூறுகின்றது. இத்துணைச் சிறிய பொருள்களை ஒரு தேசத்தின் தலையாய சட்டம் பெயரிட்டுரைப்பது ஏன் என்று சிலர் வியப்பர். அச்சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர் அம்பேத்கர், 1927-ஆம் ஆண்டில் மகாத் என்னும் ஊரிலே பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகும் உரிமைக்காகத் தம் மக்களை நடத்திச் சென்றவர் என்பதை அறிந்தோர் வியவார். தீண்டாமைக் குற்றங்களைத் தண்டிக்கும் 1955-ஆம் ஆண்டுச் சட்டம், 1976-ஆம் ஆண்டில் திருத்தம் பெற்றுக் குடிமையுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயரை ஏற்றது.

சட்டத்திற்குப் பின்

சட்டம் நிறைவேறிய அன்றே இழிவு நீங்கிற்றோ? இல்லை என்பதற்குத் தென்காசிப் பகுதியே சான்று. செங்கோட்டைக்கு அண்மையிலுள்ள மீனாட்சிபுரத்தில், 1981-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி, தாழ்த்தப்பட்ட வகுப்பினர் பல நூற்றுவர் இஸ்லாம் சமயத்தைத் தழுவினர். அச்செய்தி தேசமெங்கும் பெரும் விவாதத்தை எழுப்பிற்று. தலைவர்கள் பலர் அச்சிற்றூர்க்கு விரைந்தனர். சமயத்தைப் பற்றிப் பேசினோர் பலர். அவ்வூரார் எடுத்துரைத்த காரணங்களுள் முதன்மையாகிய ஜாதியிழிவைச் செவிமடுத்தோர் சிலரே. எந்தச் சமயம் மேலானது என்னும் வாதத்தில் நாம் ஈண்டுப் புகவேண்டுவதில்லை. முப்பதாண்டுக் காலம் அரசியலமைப்பின் நிழலில் வாழ்ந்த மக்கள், மரியாதையைத் தேடி வேறோரிடம் செல்ல நேர்ந்ததே நாம் கருதத்தக்கது.

அதனினும் அண்மைக் காலத்தது மற்றொன்று. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், சங்கரன்கோவிலுக்கு அண்மையிலுள்ள பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்கக் கடைக்கு வந்த தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவர்களை நோக்கி, இனி உங்களுக்குப் பண்டம் கொடுப்பதில்லை என்று கடைக்காரர் கூறித் திருப்பியனுப்பிய காட்சி படமாக வெளிப்பட்டது. நாடே அதனைக் கண்டு வருந்திற்று. கைதுகள் நிகழ்ந்தன, கடை முத்திரையிடப்பட்டது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, குற்றஞ்சாட்டப்பட்டோர் சிலர் குறித்த காலம் அவ்வூருள் நுழைதலாகாதெனச் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டம் தன் கடமையைச் செய்தது. ஆயினும், மிட்டாய்க்குக் காசைக் கையிற் பற்றி நின்ற குழந்தை, அது ஏன் என்று கடைக்காரரை வினவிய வினாவிற்குச் சட்டப் புத்தகத்தில் விடையில்லை. அவ்விடையை ஊரார்தான் தம் நடையாற் கூறல் வேண்டும்.

யாரைப் பாராட்டுவது?

இவ்வரலாற்றினின்று, பாராட்டத்தக்கோர் நால்வகையினர் எனக் கொள்ளலாம்.

முதலாமவர், சட்டமியற்றியவர். இரட்டைமலை சீனிவாசனும், எம். சி. ராஜாவும், அம்பேத்கரும் இவ்வகையினர். இவர்களைப் பற்றிய பிரசங்கம் விழாவில் இன்றியமையாதது.

இரண்டாமவர், தமக்கு வாய்த்த மேன்மையை விட்டுக்கொடுத்துப் பிறர்க்கு வழிதிறந்தவர். வைத்தியநாத ஐயர் தம் உறவினராலும் சுற்றத்தாராலும் வெறுக்கப்பட்டும் தளரவில்லை. தென்காசி ஈன்ற டி. எஸ். சொக்கலிங்கத்தையும் இங்கு நினைவுகூரலாம். காந்தி என்னும் பத்திரிகையை நடத்தியும், 1934-ஆம் ஆண்டில் தோன்றிய தினமணியின் முதலாசிரியராக விளங்கியும், எளிய தமிழில் அரசியலைப் பாமரர்க்கும் எட்டச்செய்தவர் அவர். உரிமையைப் பற்றி அறியாதவன் அதனைக் கேட்பதெங்ஙனம்? அறிவித்தலும் ஓர் அறம்.

மூன்றாமவர், முதலடி எடுத்து வைத்தவர். மதுரைக் கோயிலுள் அன்று புகுந்தோருள் ஒருவர் மேலூரை அடுத்த தும்பைப்பட்டி பி. கக்கன். அவர் பின்னாளில் மந்திரியாகவும் விளங்கி, எளிமையிலே வாழ்ந்து 1981-ஆம் ஆண்டில் மறைந்தார். கதவைத் திறப்பவர்க்குத் துணிவு வேண்டும். திறந்த கதவினுள் முதலிற் காலெடுத்து வைப்பவர்க்கு அதனினும் மிக்க துணிவு வேண்டும். திறந்தவர் தம் இல்லத்திற்குத் திரும்புவர். நுழைந்தவரோ அன்றிரவே தம் சேரிக்குத் திரும்பி, மறுநாட் காலை பண்ணையாரின் முகத்தில் விழித்தாக வேண்டும். நம் நூல்களில் முன்னவர் பெயர் பெரிதாகவும், பின்னவர் பெயர் சிறிதாகவும் அச்சிடப்படுவது ஒரு குறையே.

நான்காமவர், பெயரறியப்படாதவர். தடுத்தவனை எதிர்த்துத் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் அமர்த்தி ஊராரின் சினத்தைத் தாங்கிய உபாத்தியாயர். இரட்டைக் குவளை வைத்த கடையில் தேநீர் பருகமாட்டேன் என்று எழுந்து போன இளைஞர். தன் தெருக் கிணற்றைப் பிறர்க்கும் விட்ட பாட்டி. இவர்கள் ஒவ்வோரூரிலும் உளர். குற்றாலத்தில் ஆனி ஆடி மாதங்களில் இலக்கக்கணக்கானோர் நீராடிச் சென்றபின், அவர் விட்டுச்சென்ற குப்பையை விடியுமுன் வாரும் துப்புரவுத் தொழிலாளரையும் இவரோடு சேர்த்தெண்ண வேண்டும். நீராடும் உரிமை யாவர்க்கும் பொதுவாயிற்று. துறையைத் துலக்கும் கடமை மாத்திரம் இன்னும் பெரும்பாலும் ஒரு சாரார் தோள்மேலேயே நிற்கின்றது.

எங்ஙனம் பாராட்டுவது?

இனி, பாராட்டும் முறையைப் பற்றிச் சில கூறுவோம்.

முதலாவது, தேர்வு மாணாக்கர் கையில் இருத்தல் வேண்டும். செல்வமும் பதவியும் உடையவரை நாடுவது எளிது. நன்கொடை கருதி நாடுவது அதனினும் எளிது. மாணாக்கர் இருவர் மூவராகப் பிரிந்து, தத்தம் ஊர்களுக்குச் சென்று முதியோரை வினவி, இவ்வூரில் முதன்முதற் பள்ளிக்குச் சென்ற பெண் யார், பொதுக்கிணறு எப்போது பொதுவாயிற்று, அதன்பொருட்டு யார் அடிபட்டார் என்று எழுதி வருவாராயின், அதுவே ஓராண்டுப் பாடமாகும்.

இரண்டாவது, எழுதியதை ஒப்புநோக்குதல் வேண்டும். ஒருவர் வாய்ச்சொல்லை மற்றொருவர் வாய்ச்சொல்லோடும், பழைய பத்திரிகை, பள்ளிப் பதிவு முதலியவற்றோடும் பொருத்திப் பார்த்தே மேடையில் உரைத்தல் தகும். மிகைப்படக் கூறும் புகழ் உண்மையான தொண்டையும் ஐயுறச் செய்துவிடும்.

மூன்றாவது, பாராட்டப்படுபவர் பேசுமாறு நேரம் ஒதுக்குதல் வேண்டும். அவரை வாய்மூடி அமர்த்திப் பிறர் அவரைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுதல் பாராட்டன்று. அவர் பேச்சு இலக்கணப் பிழையுடையதாயினும் இருக்கட்டும். அப்பிழை நம் செவிக்கு நல்ல பயிற்சி. அவர் கூறுவதிற் சில நமக்குக் கசக்கவும் கூடும். நம் முன்னோரே தடுத்தவராக இருந்திருக்கலாம். அதனையும் பொறுமையுடன் கேட்டல் வேண்டும்.

நான்காவது, உணவு. விழா முடிவில் விருந்தினர், ஆசிரியர், மாணாக்கர், விடுதிச் சமையற்காரர், துப்புரவுப் பணியாளர் யாவரும் ஒரே பந்தியில் அமர்தல் வேண்டும். நம் ஜில்லாவைச் சேர்ந்த சேரன்மாதேவியில், வ. வே. சு. ஐயர் தேசபக்தியுடன் நிறுவிய குருகுலம், பந்தி பிரிந்த காரணத்தால் 1925-ஆம் ஆண்டில் பெரும் பிணக்கிற்கு இடமாகிக் குலைந்ததை மறத்தலாகாது. உயர்ந்த நோக்கமும், தியாகமும், கல்வியும் ஒருங்கே அமைந்திருந்தும், இலை போடும் இடத்தில் நேர்ந்த வேற்றுமை அந்நிலையத்தை வீழ்த்திற்று. நம் விழாவின் உண்மையும் மேடையிலன்று, பந்தியிலேயே சோதிக்கப்படும்.

ஐந்தாவது, விழாவிற்குப் பின் ஒரு செயல் எஞ்சுதல் வேண்டும். எழுதிய விருத்தாந்தங்களைப் புத்தகசாலையில் வைத்தல், அடுத்த ஆண்டு அவ்வூர்ப் பிள்ளைகள் இருவர்க்குப் படிப்புதவி செய்தல், விடுதியில் ஜாதிப்பெயர் சொல்லி அழைக்கும் கெட்ட வழக்கத்தை ஒழித்தல் ஆகியவற்றுள் ஒன்றேனும் நிறைவேறுமாயின், பொன்னாடை தன் விலையைப் பெறும்.

பாண்டியன் வணக்கம்

தென்காசி விசுவநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்தவன் பராக்கிரம பாண்டியன். தான் எடுத்த ஆலயத்திற்குப் பிற்காலத்தில் ஏதேனும் குற்றம் நேருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் யாவராயினும் உலகறிய அவரை வணங்கினேன் என்னும் பொருள்பட ஒரு செய்யுளையும் அவன் அங்கே பொறித்துச் சென்றான். முடிசூடிய மன்னன், இன்னும் பிறவாத ஒருவனைக் குலமும் பெயரும் வினவாது வணங்கியது வியக்கத்தக்கது.

மன்னன் கருதிய குற்றம் கல்லும் சுதையும் சிதைதலாக இருக்கலாம். ஆயினும், ஓராலயத்திற்கு நேரக்கூடிய குற்றங்களுள், வணங்க வந்தவனை வாயிலில் தடுத்தலினும் பெரியது யாது? அக்குற்றத்தை நீக்கியவர் சட்டசபையிற் பேசியவராயினும், நடுங்கும் கால்களோடு படி கடந்த உழவராயினும், அவர் ஒவ்வொருவர்க்கும் பாண்டியன் வணக்கம் ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே செலுத்தப்பட்டு விட்டது. நாம் செய்யவேண்டுவது அவ்வணக்கத்திற்கு உரியவரைத் தேடிக் கண்டுபிடித்தலே.

மாணாக்க நண்பர்களே! அடுத்த விடுமுறையில் நீவிர் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் தெருவிலுள்ள மிக முதிய ஒருவரிடம் சென்று அமர்வீராக. அவர் சிறுவயதில் எக்கிணற்றில் நீர் முகக்கக்கூடாதிருந்தது என்று வினவுவீராக. அவர் கூறுவதை எழுதி வருவீராக. அத்தாளே வருமாண்டு விழாவின் முதலழைப்பிதழ் ஆகுக.